பாறை என்று எழுதிவிட்டார்கள்

போலீஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது முருகையனின் உடம்பு முழுக்கச் சாம்பல் நிறச் சேறு காய்ந்திருந்தது. மச்சானின் உடலை மேலே எடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. குளிக்க விடவில்லை. ரைட்டர் வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தார்.

“கெணறு எத்தினி அடி?”

“நாப்பத்தோரு அடிங்க.”

“உறை எறக்கினியா?”

“மேல இருவத்திரண்டு அடிக்கு எறக்கினேங்க. அதுக்குக் கீழ பாறை.”

“பாறைதானே?”

“ஆமாங்க.”

ரைட்டர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “பாறை தானா எப்படிய்யா விழும்?”

 காலையிலிருந்து முருகையனும் தன்னையே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பக்கத்துக் கொல்லையில சத்தம் கேட்டிருக்கு. வெடி வெச்சிருக்கே. லைசென்ஸ் இல்லாம வெடி வெச்சு, ஆளை உள்ள விட்டு சாவடிச்சிருக்கே.”

“வெடிய நான் கையால தொட்டதில்லீங்க, சாமி.”

“அப்ப பாறை எப்படி விழுந்துச்சு? சொல்லு, எழுதிக்கிறேன்.”

முருகையன் வாயைத் திறந்தார்.  ரைட்டர் தனக்குத் தெரிந்ததை எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

இது 1983 மே மாதம். முருகையனுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. நெல்லித்தோப்பில் வீடு. பதினான்கு வருஷம் மில்லில் தறி ஓட்டியவர். கதவடைப்பு வந்து, இன்றைக்குத் திறக்கும் நாளைக்குத் திறக்கும் என்று ஆறு மாதம் மில் வாசலுக்கே போய் நின்றுவிட்டு, கடைசியில் கிணறு வெட்டப் போனார். அந்த வருஷங்களில் மழை ஏமாற்றிக்கொண்டிருந்தது. ஊருக்குள் கிணறுகள் உப்புத் தட்டின. வெளியே கொல்லை வைத்துப் பயிர் செய்தவர்கள் எல்லோரும் இன்னும் பத்தடி, இன்னும் பத்தடி என்று தோண்டினார்கள். வேலைக்குப் பஞ்சமில்லை. மனைவி அஞ்சலாட்சியின் தம்பி அம்மாவாசையும் அதே மில்லில், ஆள் வராத நாளில் மட்டும் வேலை கிடைக்கிற பதிலியாக இருந்தவன். இருபத்து நாலு வயது. அவனையும் கூட்டிக்கொண்டார். இரண்டு வருஷத்தில் பதினோரு கிணறு. எல்லாம் மணலும் களியும். மண் சரியும், அதனால் சிமெண்ட் உறை இறக்க வேண்டும். பாறை வந்துவிட்டால் சரியாது, உறை வேண்டாம். மற்ற கிணறு வெட்டிகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது அவ்வளவுதான்.

பன்னிரண்டாவது கிணறு ஊசுட்டேரிக்கு மேற்கே, கோவிந்தசாமி என்பவரின் கொல்லையில். இருபத்திரண்டாவது அடியில் கடப்பாரை ‘ணங்’கென்றது. சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில், ஏடு ஏடாக அடுக்கி வைத்தது போன்ற கல். அந்த வாரம் நிலத்தடி நீர் பார்க்கிற ஆபீசிலிருந்து ஜீப்பில் ஒருவர் வந்தார். ஒரு துண்டை எடுத்து நகத்தால் கீறினார், முகர்ந்தார், “ஷேல்” என்று சொல்லிச் சீட்டில் எழுதினார்.

“அப்படின்னா இன்னாங்க?” என்று கேட்டவன் அம்மாவாசை.

“ஒரு வகைப் பாறை.”

கோவிந்தசாமி குறுக்கே வந்தார். “பாறைதானே சார்?”

“பாறைதான்,” என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அடுத்த ஊரில் வேலை இருந்தது.

அன்று சாயங்காலம் கோவிந்தசாமி கேட்டார்: “உறைய அடிவரைக்கும் எறக்கணுமா மேஸ்திரி? வேணும்னா சொல்லு, வண்டி அனுப்பறேன்.” முருகையன் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. “பாறை வந்துடுச்சுங்க. வேணாம்,” என்றார்.

நாற்பத்தோராவது அடியில் ஈரம் தெரிந்தது. அதற்குள் ஊரில் தீமிதித் திருவிழா வந்தது. ஆறு நாள் வேலை நின்றது. ஆறு நாளும் மே மாத வெயில் கிணற்றுக்குள் இறங்கிச் சுவரைக் காய வைத்தது. ஏழாம் நாள் சாயங்காலம் ஒரு கோடை மழை, அரை மணி நேரம். எல்லோருக்கும் சந்தோஷம்.

மறுநாள் காலை, தேங்கின தண்ணீரை இறைக்க அம்மாவாசை இறங்கினான். முருகையன் மேலே உருளையண்டை கயிற்றைப் பிடித்தபடி நின்றார். முதலில் வந்த சத்தம், யாரோ முறத்தால் உமியைக் கொட்டுவது போலச் சலசலவென்று இருந்தது.

“மாமா, செவுரு உதிருது,” என்றான் அம்மாவாசை. குரலில் பயம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

“ஏறி வா மாப்ள.”

“இரு, இந்த ஒரு வாளி...” என்றவன், உடனே, “இழு மாமா! இழு!” என்று கத்தினான்.

முருகையன் இழுத்தார். கயிறு லேசாக வந்தது. உள்ளே ஒரு பக்கத்துச் சுவர் முழுதும் கதவு சாய்வது போலச் சாய்ந்து, தண்ணீரில் வெடிச் சத்தத்தோடு விழுந்தது. அந்தச் சத்தத்தைத்தான் பக்கத்துக் கொல்லையில் கேட்டார்கள்.

தீயணைப்பு ஆட்கள் வருவதற்கு முன் முருகையன் மூன்று முறை இறங்கினார். நான்காம் முறை அவரைக் கட்டிப் பிடித்து நிறுத்திவிட்டார்கள்.

*

இருபத்து நாலு நாள் உள்ளே இருந்தார். ஒரே ஒரு தடவை அஞ்சலாட்சி பார்க்க வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுகையில்லாத கண்ணோடு கேட்டாள்.

“வெடி வெச்சியா?”

“இல்ல.”

“ஊரே சொல்லுது. எழுத்துல எழுதியிருக்காம்.”

“நான் வெக்கல, அஞ்சலை.”

“அப்ப பாறை எப்படிய்யா விழுந்துச்சு? நீயே சொல்லு. எங்கம்மா கேக்குது, நான் இன்னான்னு சொல்லட்டும்?”

 அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போனாள். முருகையன் ஜாமீனில் வெளியே வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. அவள் இரண்டு தெரு தள்ளி, தாய் குஞ்சம்மாள் வீட்டில் இருந்தாள். அந்தக் கதவைத் தட்டினார். குஞ்சம்மாள் திறந்தாள், பார்த்தாள், மூடினாள்.  முன்பெல்லாம் “வா மாப்ள, ஒரு வாய் சாப்புட்டுப் போ” என்று வாசலிலேயே மறிக்கிற மனுஷி.

தன் வீட்டில் மூன்று மாதம் தனியாக இருந்தார். யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. டீக்கடையில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவன் எழுந்து போனான். அவருக்கும் மெல்லச் சந்தேகம் வந்துவிட்டது. தான் அறியாமல் ஏதாவது செய்துவிட்டோமோ? கடப்பாரையை எங்கேயாவது ஓங்கிப் போட்டுவிட்டோமோ? தனியாக இருக்கிற மனுஷனுக்கு இப்படியெல்லாம் தோன்றும். சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு மறந்துவிடுவார். ஒரு நாள் குமாரவேல் என்ற வக்கீல், இலவசமாகக் கேஸ் எடுத்தவர், சொன்னார்: “அந்தக் கல்லைக் கொண்டு வாங்க. எத்தனை கெட்டின்னு, எப்படிப்பட்ட கல்லுன்னு கோர்ட்டுல காட்டணும்.”

முருகையன் ஊசுட்டேரிப் பக்கம் நடந்தே போனார். கிணற்றைக் கோவிந்தசாமி தூர்த்துவிட்டிருந்தார். பக்கத்தில் வண்டி வண்டியாகக் கல்லைக் கொட்டிய மேடு இருந்த இடத்தில் கல்லே இல்லை. இடையில் பெய்த மழையில் எல்லாம் சாம்பல் நிறச் சேறாகிக் கிடந்தது. எருமை படுத்துப் புரண்ட தடம் வேறு. முழங்கை அளவுக்குக் கையை விட்டுத் துழாவினார். ஒரு கல் கிடைக்கவில்லை. தன் கையால் வெட்டி, கூடை கூடையாக மேலே அனுப்பிய பாறை. எங்கே போயிற்று? அந்தச் சேற்றில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் போன ஒருத்தி பைத்தியம் என்று நினைத்துக் கல்லெறிந்துவிட்டு ஓடினாள்.

*

ஜீப்காரர் எழுதிய சீட்டின் நகல் வக்கீலிடம் இருந்தது. இங்கிலீஷில் நாலு வரி. அதைத் தமிழில் பெயர்த்துக் கொடுக்கும்படி கோர்ட்டு மொழிபெயர்ப்பாளரிடம் போயிருந்தது. காசிலிங்கம் என்று பெயர். பிரெஞ்சுக்காரன் காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, கொடி மாறிய பிறகும் அதே நாற்காலியில் இருந்தவர். கோர்ட்டில் பழைய ஆட்கள் பிரெஞ்சு மரியாதையில் அவரை முசே காசிலிங்கம் என்பார்கள். வேலையை முடிக்காமல் இழுத்தடிக்கிறார் என்று குமாரவேலுக்குக் கோபம். “நீங்களே போய்க் கேளுங்க,” என்று முருகையனை அனுப்பிவிட்டார்.

வைசியாள் வீதியில் ஒடுக்கமான வீடு. காசிலிங்கம் பனியனோடு உட்கார்ந்திருந்தார். மேஜையில் மூன்று தடித்த அகராதிகள் கவிழ்ந்து கிடந்தன. யார் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது.

“உட்காருங்க. நானே சொல்லியனுப்ப இருந்தேன். இங்க ஒரே ஒரு வார்த்தை, ஷேல். போலீஸ்ல பாறைன்னு எழுதிட்டாங்க. அரசாங்கச் சொல் பட்டியல்ல களிப்பாறைன்னு இருக்கு. நான் ரெண்டையும் போட முடியாது. நீங்க பார்த்தவர். அது எப்படி இருந்துச்சு?”

இந்த மூன்று மாதத்தில் ‘எப்படி விழுந்தது’ என்று எல்லோரும் கேட்டார்கள். ‘எப்படி இருந்தது’ என்று கேட்டவர் இவர்தான். முருகையன் பேச ஆரம்பித்தார். கடப்பாரை போட்டால் ணங்கென்று இருக்கும். ஆனால் பக்கவாட்டில் நெம்பினால் பலகை போலப் பெயரும். அந்தப் பலகையைத் தட்டினால் அது இன்னும் மெல்லிசாகப் பிரியும். வெயிலில் போட்டால் வெங்காயச் சருகு மாதிரி ஓரம் சுருளும். 

காசிலிங்கம் எழுதிக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு அகராதியைத் திருப்பினார்.

“பிரெஞ்சுல இதை ஷிஸ்த்னு சொல்வாங்க. அது கிரேக்க வார்த்தை. பிளந்தது, பிளக்கக்கூடியதுன்னு அர்த்தம். இங்கிலீஷ்காரன் ஷேல்ங்கறான். அது அவங்களோட ரொம்பப் பழைய வார்த்தை. தானியத்து மேல இருக்கற உமி, கொட்டையோட ஓடு, சிப்பி ஓடு, இதுக்கெல்லாம் சொன்னது. மீன் செதிலுக்கு அவங்க சொல்ற பேரும் இதே வேர்தான். உரிஞ்சு வர்றது, பிரிஞ்சு வர்றது. அதனாலதான் இந்தக் கல்லுக்கு அந்தப் பேரு வெச்சாங்க.”

முருகையன் மேஜைப் பக்கம் குனிந்தார்.

“ஐயா, ஜீப்புல வந்தவரு இந்தப் பேரைச் சொன்னாரு. எங்காதுல விழுந்துது. எம்மச்சான் அர்த்தம் கூடக் கேட்டான்.”

“என்ன சொன்னார்?”

“பாறைன்னாரு.”

காசிலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

“உமின்னு சொல்லியிருந்தா,” என்றார் முருகையன். “செதிலுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் அவன எறக்குவனாய்யா? பேருலயே எழுதி வெச்சிருக்கானே! பேருலயே இருக்குதே!” என்று மேஜையை இரண்டு கையாலும் அறைந்தார். உள்ளேயிருந்து காசிலிங்கத்தின் மனைவி வரலட்சுமி ஓடி வந்தாள். காசிலிங்கம் அவளுக்குக் கையைக் காட்டினார். முருகையன் அழுது முடிக்கும்வரை இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

*

அன்று மத்தியானமே தெருக்குழாயில் அஞ்சலாட்சியைப் பிடித்தார். குடத்தோடு நின்றவளிடம் நடுத்தெருவில் எல்லாவற்றையும் கொட்டினார்: உமி, ஓடு, செதில், வெயிலில் காய்ந்தது, மழையில் நனைந்தது, மேடு சேறானது. வரிசையில் நின்ற பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை.

“ஒரு கல்லு இருந்தா உனுக்குக் காட்டுவேன். ஒண்ணுகூட இல்ல அஞ்சலை, எல்லாம் கரைஞ்சு போச்சு.”

அவள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள். “ஒண்ணு இருக்குது,” என்றாள். “அம்மாவாசை எடுத்துக்கினு வந்தான். சிப்பி அச்சு பதிஞ்சிருக்குன்னு. அம்மா அதத்தான் அவன் படத்துக்கு முட்டு வெச்சிருக்குது.”

குஞ்சம்மாள் வீட்டில் அந்தக் கல் இருந்தது. உள்ளங்கை அளவு. ஒரு பக்கம் விசிறி போல வரிவரியாகச் சிப்பியின் தடம். அதில் சாய்ந்து அம்மாவாசையின் படம். மில் அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிசாக்கியது.

அஞ்சலாட்சிதான் பேசினாள். குஞ்சம்மாள் மருமகனைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“தண்ணியில போட்டா இன்னா ஆவும்?” என்றாள் குஞ்சம்மாள்.

“கரைஞ்சுடும் அத்தை,” என்றார் முருகையன். “கோர்ட்டுல காட்டலாம். இல்லன்னா பாதிய மட்டும் ஒடைச்சு...”

“ஒடைக்க வேணாம்.”

அவளே எழுந்து படத்தைத் தரையில் வைத்தாள். கல்லை எடுத்து முந்தானையால் துடைத்தாள். அடுப்படியிலிருந்த அலுமினியக் குண்டானில் தண்ணீர் ஊற்றி, குழந்தையைக் குளிப்பாட்ட வைப்பது போல மெதுவாக உள்ளே வைத்தாள். 

“அம்மா, அதுதான் அவன்...” என்று அஞ்சலாட்சி எட்டினாள்.

“எனுக்குத் தெரியணும்,” என்றாள் குஞ்சம்மாள்.

மூன்று பேரும் குண்டானைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முதலில் சின்னச் சின்னக் குமிழி. பிறகு கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து மெல்லிய சரசரவென்ற சத்தம். ஒரு ஓரம் ஏடாகப் பிரிந்து கவிழ்ந்தது. அடுத்தது. சிப்பியின் வரிகள் நடுவில் விரிசல் விட்டு, இரண்டாகி, நாலாகி, பிறகு வரி எது சேறு எது என்று தெரியவில்லை. குழாயில் தண்ணீர் நின்றுபோகிற நேரம் வந்தபோது குண்டானின் அடியில் ஒரு குவியல் செதில்தான் இருந்தது. குஞ்சம்மாள் கையை விட்டு அள்ளினாள். விரலிடுக்கில் வழிந்தது.

அன்று கதவை மூடியதற்குப் பிறகு முதல் தடவையாக அவள் முருகையனின் முகத்தைப் பார்த்தாள்.

“வெடி வெக்கல நீ.”

“இல்ல அத்தை.”

“ஒரு பொழுதுக்குத் தாங்காத கல்லு. இதுக்கு நடுவுல எம்புள்ளய நிக்க வெச்சியே மாப்ள.”

முருகையன் பதில் சொல்ல வாயெடுத்தார். பேரின் அர்த்தம் எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். ஜீப்காரர் சொல்லவில்லை என்று சொல்லலாம். ஆனால் உறை வேண்டுமா என்று கோவிந்தசாமி கேட்டபோது, சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னது தன் வாய். 

*

அஞ்சலாட்சி ஒரு வாரம் கழித்துத் தகரப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். “பொய் சொல்லலன்னு தெரிஞ்சுது. அதுக்குமேல எங்கிட்ட ஒண்ணும் கேக்காதே,” என்று சொல்லிவிட்டு அடுப்பு மூட்டினாள்.

கேஸ் மூன்று வருஷம் நடந்தது. காசிலிங்கம் தன் மொழிபெயர்ப்பில் ‘ஏடு ஏடாகப் பிரிந்து, நீர்பட்டால் உதிரும் களிப்பாறை’ என்று எழுதி, அடியில் பெயர்க் காரணத்தையும் சேர்த்திருந்தார். மொழிபெயர்ப்பில் விளக்கம் எழுத அதிகாரம் கிடையாது என்று எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. ஜீப்காரர் மாற்றலாகிப் போயிருந்தார். நாலு வாய்தாவுக்கு வரவில்லை. கடைசியில் கூண்டில் ஏறியது குஞ்சம்மாள். சாட்சிக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. தானாகவே வக்கீலிடம் போய்ப் பெயர் கொடுத்தாள்.

“எம்புள்ள கொண்டாந்த கல்லு. தண்ணியில வெச்சேன், கரைஞ்சு போச்சு. எங்கண்ணால பாத்தேன். இந்த ஆளு வெடி வெக்கல,” என்றாள். இறங்கி வரும்போது முருகையன் எழுந்து நின்றார். அவள் அவரைத் தாண்டி நேராக வெளியே போனாள். அதற்குப் பிறகு சாகும்வரை அவருடன் பேசவில்லை.

1986இல் விடுதலை. தீர்ப்பு இங்கிலீஷில் ஆறு பக்கம். வராந்தாவில் குமாரவேல் கையைக் குலுக்கினார். முருகையனுக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

“உறை போடாம எறக்கினேனே. அதப்பத்தி இதுல இன்னா எழுதியிருக்குதுங்க?”

“அது கேஸ்லயே இல்லையே. வெடி வெச்சீங்களா இல்லையான்றதுதான் கேஸ்.”

“அப்ப அத யாரு கேப்பாங்க?”

குமாரவேல் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த கட்சிக்காரரிடம் போனார்.

பிறகு முருகையன் கிணற்றில் இறங்கவில்லை. மரவாடியில் பலகை தூக்கினார். ஆனால் எங்கே கிணறு வெட்டுகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், வேலையை விட்டுவிட்டுப் போய்விடுவார். மேலே கிடக்கும் கல்லை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார். பெரும்பாலும் அது வேறு கல்லாக இருக்கும். விரட்டுவார்கள். சாவு வீட்டு ஆள் மாதிரி வந்து நிற்கிறானே என்பார்கள். மரவாடியில் இரண்டு தடவை வேலை போயிற்று.

1988 பங்குனியில், அதே ஊசுட்டேரிப் பக்கம், கோவிந்தசாமியின் கொல்லைக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் ஒரு கிணறு. கல்லைத் தண்ணீரில் போட்டார். உதிர்ந்தது.

“உறை எறக்குங்க,” என்றார். 

அங்கிருந்த மேஸ்திரி கண்ணையன் அவரை அடையாளம் கண்டுகொண்டான். “கேசுல இருந்த ஆளுதானே? முப்பத்தஞ்சு அடி வந்துட்டோம், ஒரு பொட்டுகூட விழல. போய்யா.”

“இது பாறை இல்ல தம்பி. பேருதான் பாறை. இதுக்கு உமின்னு பேரு. ஆள எறக்காதே.”

சிரித்தார்கள். முருகையன் கிணற்று விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தூக்கி அப்பால் வைத்தார்கள். திரும்ப வந்து உட்கார்ந்தார். கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. மறுநாளும் போனார். மூன்றாம் நாள் அவரைத் தென்னை மரத்தில் கட்டிப் போட்டுவிட்டு, ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒவ்வொரு தலையும் உள்ளே மறையும்போது அவர் கத்தினார். குரல் கம்மி, கடைசியில் காற்றுதான் வந்தது.

மத்தியானம் அஞ்சலாட்சி சோற்றுத் தூக்கோடு வந்தாள். கட்டிப் போட்டிருப்பதைப் பார்த்து யாரிடமும் சண்டை போடவில்லை. கயிற்றை அவிழ்க்கவும் இல்லை. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவளும் கிணற்றையே பார்த்தாள். உள்ளேயிருந்து ஊற்று வந்துவிட்டது என்று கூச்சல் கேட்டது. மேலே நின்றவர்கள் துண்டை வீசிக் குதித்தார்கள். ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள், அஞ்சு பேர், சேறும் சிரிப்புமாக. அஞ்சலாட்சி விரல் மடக்கி எண்ணினாள்.

அந்தக் கிணறு இடியவில்லை. 

கண்ணையன் வந்து கயிற்றை அவிழ்த்துவிட்டு, “பாத்தியா, ஒண்ணும் ஆவல. இனிமே இந்தப் பக்கம் வராதே,” என்றான்.

முருகையன் எழுந்திருக்கவில்லை. ஏறி வந்த ஐந்து பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். 

“நான் பொய் சொல்லல, அஞ்சலை.”

“தெரியும்.”

“இது விழும். இன்னிக்கு இல்லன்னா...”

“தெரியும்யா.” அவள் தூக்கைத் திறந்து சோற்றைப் பிசைந்தாள். கயிறு இறுகிய அவர் கை மரத்துப் போயிருந்தது. அவளே ஒரு கவளம் உருட்டி அவர் வாயருகே கொண்டுபோனாள். “சாப்புடு மொதல்ல. அவங்க மேல வந்துட்டாங்க, இல்ல?”